குறை எதுவும் காணப்படவில்லை

அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்துவிடுகிறேன். அடித்த பிறகு அணைக்கிறேன். பல் தேய்க்கிறேன். பாலைச் சூடாக்கி டம்ளரில் ஊற்றி, அது ஆறும்வரை பால்கனியில் நிற்கிறேன். எதிர் வீட்டுக்காரர் தன் நாயைத் திட்டிக்கொண்டே கீழே இறங்குவார். நாயும் அவரும் ஒரே மாதிரி நடக்கிறார்கள் என்று அவள் சொல்வாள். அப்போது எனக்கு அப்படித் தெரிந்ததில்லை. இப்போது அப்படித்தான் தெரிகிறது. உள்ளே வந்து இரண்டு போன்களையும் சார்ஜரிலிருந்து கழற்றுகிறேன். ஒன்று என்னுடையது, இன்னொன்று அவளுடையது. அதை எதற்குத் தினமும் சார்ஜ் போடுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததால் நானும் யோசிக்கவில்லை. என்னுடையது சட்டைப் பையில், அவளுடையது பேண்ட் பையில். சட்டையை இஸ்திரி போடும்போது அவளுடைய அம்மா கூப்பிடுவார்.

"எழுந்தாச்சா மாப்ளே?"

"ஆச்சு அத்தை."

"ஏதாவது சாப்டீங்களா?"

"இனிமேதான்."

சில நாட்களில் அத்தை மெதுவாகக் கேட்பார், "கடைசியா என்ன சொன்னா மாப்ளே?" நான் வழக்கமான பதிலைச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றாள். அவள் அப்படிச் சொல்லவில்லை. அலுவலகப் படிக்கட்டில் விழுந்தாள், மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அத்தை கேட்டபோது வாயில் வந்த வாக்கியம் அது. அன்றிலிருந்து அதுவே நடந்ததாக ஆகிவிட்டது.

பிறகு ஒரு நாள் காலை, சார்ஜரிலிருந்து கழற்றும்போது அவள் போனில் ஒரு செய்தி வந்திருந்தது. கார் வாங்கிய இடத்திலிருந்து. அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் வாகனத்தின் வாரண்டி இந்த வாரத்துடன் முடிகிறது. உங்கள் புகார்: முன் பயணி இருக்கையில் சத்தம். ஆய்வு முடிவு: குறை எதுவும் காணப்படவில்லை. புகார் முடித்து வைக்கப்பட்டது.

அந்தச் சத்தம் அவளுக்கு மட்டும்தான் கேட்டது. வண்டி வாங்கிய முதல் வாரமே சொன்னாள், "பேனா மூடியை யாரோ திறந்து திறந்து மூடற மாதிரி டிக், டிக்னு." நான் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டுவேன். எனக்கு ஒன்றும் கேட்காது. ஒரு நாள் லீவு போட்டு அவளே சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனாள். அவர்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல், "வேலைவெட்டி இல்லாதவளுக்கு இப்படித்தான் எதையாவது கேக்கும்ங்கற மாதிரி பாக்கறான். அவனை விட ரெண்டு மடங்கு சம்பளம் வாங்கறேன் நான்" என்றாள். "எனக்கும் கேக்கலையேம்மா" என்றேன். "சரி, ரெண்டு பேரும் சேர்ந்து செவிட்டுச் சங்கம் ஆரம்பிங்க. நீங்க தலைவர், அவன் செயலாளர்."

அவள் குள்ளம். சீட்டை முன்னால் இழுத்துவிட்டு, கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். அந்த சீட் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதில் என் பையை வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் யாராவது லிஃப்ட் கேட்டால் பின்னால் உட்காரச் சொல்கிறேன். முதலில் சிரித்தார்கள், வாடகைக் கார் டிரைவர் மாதிரி இருக்கிறாய் என்று. பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

குறை எதுவும் காணப்படவில்லை. அதை இரண்டு முறை படித்தேன். பால் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, அலுவலகத்துக்கு வர நேரமாகும் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

சர்வீஸ் சென்டரில் காத்திருக்கும் அறையையும் வேலை நடக்கும் இடத்தையும் ஒரு பெரிய கண்ணாடி பிரிக்கிறது. உள்ளே கார்கள் லிஃப்டில் சக்கரங்களைத் தொங்கவிட்டு நிற்கும். வெளியே சோபாக்களில் சொந்தக்காரர்கள் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே இருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். புகார் எழுதிக்கொள்ளும் அட்வைசர் டை கட்டியவர், நல்ல மாதிரி. ஒரு மெக்கானிக்கை அனுப்பி ஓட்டிப் பார்க்கச் சொன்னார். மிக உயரமான ஆள். எல்லாரும் நெட்டை என்றே கூப்பிட்டார்கள். அவரும் அதற்கே திரும்பிப் பார்த்தார். ஒரு சுற்று போய்விட்டு வந்து தலையை ஆட்டினார்.

"வரல சார். டாக்டரைப் பாத்ததும் காய்ச்சல் விட்டுப்போற மாதிரி, இங்க வந்தா எல்லா வண்டியும் வாயை மூடிக்குது" என்றார் அட்வைசர். "தனியா போகும்போது வருதா, ஆளோட போகும்போது வருதா?"

தனியாகப் போகும்போது வராது என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் யாராவது அந்த சீட்டில் உட்கார வேண்டியிருக்கும். அதனால்தான் அதுவரை சொல்லவில்லை. இப்போது நேராகக் கேட்டுவிட்டார்.

"ஆளோட."

"அட, அப்ப மேடத்தையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே சார். புகாரே அவங்க பேர்லதான இருக்கு."

"அவங்களால வர முடியாது."

"பரவாயில்ல, எப்படிச் சத்தம்னு ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்." நான் வாயைத் திறப்பதற்குள் கம்ப்யூட்டரில் இருந்த எண்ணைப் பார்த்துப் போனில் அழுத்திவிட்டார்.

என் பேண்ட் பையில் அடித்தது. அவள் வைத்திருந்த பாட்டு. நான் எடுக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. அட்வைசர் என் பையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு ரிசீவரைச் சத்தம் வராமல் கீழே வைத்தார். பாட்டு நின்றது. மேசைமேல் இருந்த ஒரு பேனாவை எடுத்து வேறு இடத்தில் வைத்தார்.

"நெட்டை," என்றார். "சாரோட இன்னொரு ரவுண்டு போயிட்டு வா. அவசரமில்ல."

நெட்டை பயணிப் பக்கக் கதவில் கை வைத்தார். "நான் உக்காந்துக்கறேன், நீங்க ஓட்டுங்க" என்றேன். பையை எடுத்துப் பின்னால் போட்டேன். சீட்டைத் தள்ளாமல் உள்ளே நுழைந்தேன். முழங்கால்கள் முன்னால் இடித்தன. மூச்சை விட்டால் கண்ணாடியில் படியும் போலிருந்தது. மூன்று வருடமாக என் வண்டி, இந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்ததே இல்லை. பானட்டின் ஓரம் முழுதாகத் தெரிந்தது. அவள் பார்த்துக்கொண்டு வந்தது இதைத்தான் போலிருக்கிறது. கேட் தாண்டி முதல் பள்ளத்தில் இறங்கியபோது கேட்டது. டிக். எனக்குக் கீழே, மிகப் பக்கத்தில். பேனா மூடியேதான்.

"கேட்டுச்சா?" என்றேன்.

"இல்லையே சார்."

அடுத்த மேடு. டிக், டிக்.

"இப்ப?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல சார்" என்றார் நெட்டை. எரிச்சலே இல்லாத குரல். நான் திரும்பி அவரைப் பார்த்தேன். உன்னிப்பாகக் கேட்பதுபோல் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, சாலையை மட்டும் பார்க்கும் முகம். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டியரிங் பிடித்திருப்பவன் இப்படித்தான் தெரிவான். எனக்குக் கேட்கிறது, சத்தியமாகக் கேட்கிறது என்று கத்த வேண்டும் போலிருந்தது.

ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தினார். "நீங்க கேட்டா அது புகார் சார். நான் கேட்டாத்தான் அது குறை. என் காதுல விழாம நான் எழுத முடியாது." கொஞ்சம் தயங்கினார். "இடம் மாறிக்கலாமா?"

இந்த வாரத்துடன் முடிகிறது. அதற்குப் பிறகு குறை எதுவும் காணப்படவில்லை என்பதுதான் நிற்கும். நான் இறங்கினேன். அவர் சுற்றி வந்து திறந்த கதவுக்குப் பக்கத்தில் நின்று சீட்டைப் பார்த்தார், தன் கால்களைப் பார்த்தார். பயணி சீட்டைத் தள்ளிக்கொள்ள ஒரு மெக்கானிக் யாரிடமும் அனுமதி கேட்க மாட்டார். அவர் கேட்டார்.

"பின்னாடி தள்ளிக்கட்டுமா சார்?"

சாலையில் ஒரு பஸ் போனது. அது போய் முடியும்வரை இருவரும் நின்றோம்.

"தள்ளிக்குங்க."

கீழே கைவிட்டுக் கம்பியைத் தூக்கினார். கடகடவென்று சீட் கடைசிவரை போய் நின்றது. இவ்வளவு சுலபமாகப் போய்விடும் என்று நினைக்கவில்லை. ஓட்டினேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது மேட்டில் நெட்டை ஒரு விரலைத் தூக்கினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆமா சார். இருக்கு. ஆள் எடை விழுந்தாத்தான் வருது. அடி ஃபிரேம்ல வெல்டு விட்டிருக்கும்." பிறகு, "எவ்வளவு நாளா இருக்கு?"

"வாங்கினதிலேர்ந்து."

"மேடம் கரெக்டாத்தான் சொல்லியிருக்காங்க" என்றார். நான் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சீட்டையே மாற்ற வேண்டும் என்றார் அட்வைசர். பைசா செலவில்லை. வாரண்டியில் மாற்றுவதால் பழைய சீட் கம்பெனிக்குப் போய்விடும், தர முடியாது. அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. வண்டியை விட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்தேன். கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றபோது பேண்ட் பையில் ஒரு அதிர்வு. அன்புள்ள வாடிக்கையாளரே, நீங்கள் தெரிவித்த குறை உறுதி செய்யப்பட்டது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.

நானாக அத்தையைக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

"என்ன மாப்ளே? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல அத்தை. கார்ல ஏதோ சத்தம் வருதுன்னு சொல்லிட்டே இருப்பாளே."

"எனக்கு நடிச்சே காட்டுவாளே. டிக், டிக்னு."

"கண்டுபிடிச்சுட்டாங்க. நானும் கேட்டேன்."

அத்தை மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அவளுக்குப் பாம்புக் காது. பக்கத்து ரூம்ல மிட்டாய்க் காகிதம் பிரிச்சா எழுந்து வருவா."

"அத்தை, அன்னிக்குக் கடைசியா அவ சொன்னது அந்த ஞாயித்துக்கிழமை விஷயம் இல்ல."

"தெரியும் மாப்ளே. அந்த ஞாயித்துக்கிழமை நான் ஊர்லயே இருக்கறதா இல்ல. டிக்கெட் போட்டுக் குடுத்ததே அவதான்."

எதிரே பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். நான் ஏறவில்லை.

"சொல்லுங்க" என்றார் அத்தை. "என்ன சொன்னா?"

அவள் அலுவலக வாசல். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். பை வார் சீட் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு, ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. அதை விடுவித்துக்கொண்டு, குனிந்து உள்ளே தலையை நீட்டிச் சொன்னாள்:

"நான் எறங்கினதும் சத்தம் நின்னுடும். வேணும்னா கேட்டுப் பாருங்க."