தூதர் கேட்ட ஐந்து நிமிஷம்

அரசர் நானா எஜிர் யாரிடமும் நேரடியாகப் பேசமாட்டார். அவரிடமும் யாரும் நேரடியாகப் பேசக்கூடாது. அவருடைய வாய் அரபா மென்சிமாதான். அவர் காதோடு சொல்வதை அவள் சபை முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொல்வாள். கானாவின் கடலோரத்தில் இருக்கும் அந்த அரண்மனையில் அதுதான் வழக்கம்.

இன்று அந்தச் சபையில் ஆறு ஆப்பிரிக்க நாடுகளின் அமைச்சர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேட்டரிக்கான லித்தியத்தை இனி வெறும் மண்ணாகக் கப்பலேற்றுவதில்லை. இங்கேயே ஆலை வைத்துச் சுத்திகரித்துத்தான் விற்பது என்று அவர்களுக்குள் பேச்சு. ஒருவர் நழுவினாலும் எல்லாம் போச்சு.

யார் தலைமை என்று இழுபறி வந்தபோது, பொதுவான ஆளாகக் கரீபியன் தீவான கிரெனடாவிலிருந்து வெர்னா லூசனைக் கூப்பிட்டார்கள். அவளுடைய முன்னோரைச் சங்கிலியில் கட்டிக் கப்பலேற்றியது இந்தக் கரையிலிருந்துதான்.

அரபாவுக்கு அவள்மேல் நம்பிக்கை இல்லை. வந்த அன்றே நேரே அரசரிடம் போய், "எப்படி இருக்கீங்க?" என்று இடது கையை நீட்டியவள் ஆயிற்றே!

"அக்கா, இந்தச் சபைக்குத் தலைவின்னா உங்களுக்கும் அரசரோட வழக்கம்தான். இன்னிக்காவது நேரா பேசிடாதீங்க. எதுன்னாலும் என் காதுல சொல்லுங்க."

"சொன்னா? ஊருக்கே கேக்கற மாதிரி கத்துவியா?"

"அதானே என் வேலை!"

வெர்னாவின் பார்வை, சபையின் ஓரமாக உட்கார்ந்திருந்த அமைச்சர் சிரம்போவின் மேல் போனது. காலையிலிருந்து போன் அடிப்பதும் அவர் எழுந்து வெளியே ஓடுவதுமாக இருந்தார்.

"அப்ப தூதரை வரச் சொல்லு."

லித்தியத்தை மண்ணாகவே மலிவாக வாங்கப் பார்க்கும் வல்லரசின் தூதர் வந்தார். கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்ததுமே, "மேடம், அமைச்சர் சிரம்போகிட்ட அஞ்சு நிமிஷம் தனியாப் பேசணும்" என்றார்.

வெர்னா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. அரபாவின் காதருகே சாய்ந்தாள். கேட்கக் கேட்க அரபாவின் கண்கள் விரிந்தன.

"எங்க தலைவி உத்தரவு. தனியாச் சொல்ல நினைச்சதை என் காதுல சொல்லுங்க தூதரே. நான் எல்லாருக்கும் சொல்லிடறேன்."

"இது ராஜாங்க விஷயம்மா. சந்தைக்கடை இல்ல."

"சும்மா சொல்லுங்க சார், நாங்களும் கேட்டுக்கறோம்" என்றார் ஓர் அமைச்சர். "போன வாரம் எனக்கும் போன்ல சொன்னீங்களே. 'உங்க நாட்டுக்கு மட்டும் ஒரு ஆலை'ன்னு?"

"அட, உமக்குமா?" என்று பக்கத்து நாற்காலி துள்ளியது.

"எனக்கும்தான்யா! யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கன்னாரு!"

சபை சிரிப்பில் அதிர்ந்தது. சிரம்போ மட்டும் சிரிக்கவில்லை. "எனக்கு மட்டும்னுதானே சொன்னார்..." என்று முணுமுணுத்தவர், போனை எடுத்து அணைத்துப் பைக்குள் போட்டார்.

சிரிப்பு அடங்கியது. தூதர் ஆறு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். யாரும் கண்ணைத் தாழ்த்தவில்லை. கடைசியில் அவர் மெல்ல அரபாவின் பக்கம் திரும்பினார்.

"ஆறு பேருக்கும் சேர்த்து உங்க நிபந்தனை என்னன்னு கேட்டுச் சொல்லுங்கம்மா."

அரபாவுக்கு மெய்சிலிர்த்தது. எத்தனையோ வழக்குகளில் அரசருக்காக முழங்கிய அதே குரலில் தூதரின் கேள்வியைச் சபைக்கு உரக்கச் சொன்னாள்.

பிறகு வெர்னாவின் பக்கம் குனிந்து, காது கொடுத்தாள்.