தலைக்கு ஒரு சந்தா

நான் எழுதிய கடிதத்தைத் தலைவர் இரண்டாம் முறையாக வாசித்து முடித்தபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எங்கள் ஓட்டக் கழகத்துக்குச் சொந்தமாகக் கட்டடம் கிடையாது. நகராட்சி நீச்சல் குளத்துக்குப் பின்னால், பழைய பம்ப் அறையை ஒட்டி வாடகைக்கு ஒரு கூடம். குளோரின் வாடை, காயாத துண்டுகள், ஒரு கால் ஆடும் மேசை. அந்த மேசை மேல் ஏறி நின்று விசிலடிக்காததுதான் பாக்கி. தலைவர் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எதையும் நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று நின்றுதான் வாசிப்பார். அதனால் என் கடிதத்தின் ஒவ்வொரு குத்தலும் இறங்க வேண்டிய இடத்தில் நிதானமாக இறங்கியது. எனக்கு முகம் சூடாகிவிட்டது. பெருமைதான், பொய் சொல்வானேன்.

விஷயம் இதுதான். தேசியக் கூட்டமைப்பு அதுவரை ஒரு கழகத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகச் சந்தா வாங்கிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் முதல் தலைக்கு இவ்வளவு என்று மாற்றிவிட்டார்கள். ஓடுகிறவர், நடக்கிறவர், மூட்டு வலி வந்து வெறுமனே மற்றவர்களின் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர், எல்லாமே தலைதான். எங்கள் கழகத்தில் ஓடும் கால்களைவிடத் தலைகள்தான் அதிகம். பெரிய கழகங்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எங்களுக்கோ கூடத்தின் வாடகையையே விழுங்கிவிடும். செயலாளர் நான் என்பதால் நானே எழுதினேன். நீங்கள் வருஷத்துக்கு எங்களுக்குத் தருவது ஒரு சுற்றறிக்கை, ஒரு நாள்காட்டி. அந்த நாள்காட்டியிலும் ஞாயிற்றுக்கிழமை மங்கலாகத்தான் அச்சாகியிருக்கிறது. எங்கள் தலைகளை எண்ணுமுன் எங்களோடு ஒருநாள் ஓடிப் பாருங்கள், மூச்சு மிச்சமிருந்தால் எண்ணலாம் என்று.

மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுப்பது என் பிழைப்பு. அங்கே என்னைக் 'கை மெத்து, வாய் குத்து' என்பார்கள். நரம்பே தெரியாத கையிலும் வலிக்காமல் எடுத்துவிடுவேன், எடுத்து முடிப்பதற்குள் நாலு வார்த்தை சுருக்கென்று கேட்டும் விடுவேன். கூட்டமைப்பின் பதில் வந்தபோதும் ஒரு லாரி ஓட்டுநரின் கை என் கையில் இருந்தது. அத்தனை பெரிய மனிதர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "குத்தப் போறீங்களா?" என்றார்.

"எடுத்தே முடிச்சாச்சு. வண்டி ஓட்டறப்பவும் இப்படித்தான் கண்ணை மூடிக்குவீங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே பஞ்சை அழுத்திப் பிடித்தபடி போனார். நான் கையுறையைக் கழற்றிவிட்டுக் கைபேசியைப் பார்த்தேன். என் இரண்டு பக்கக் கடிதத்துக்கு இரண்டு வரியில் பதில். புதிய முறைப்படி சந்தா செலுத்தாத கழகங்களின் உறுப்பினர்கள் வருடாந்திர நெடுந்தூர ஓட்டத்தில் கலந்துகொள்ள இயலாது. அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிடாமல் அதையே மறுபடி வாசித்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் சொந்தச் செலவில் தபால்தலை வேறு ஒட்டியிருந்தேன்.

அந்த ஓட்டத்தில்தான் என் மகளைப் பார்ப்பேன்.

அவள் ஓடும்போது மட்டும்தான் பேசுவாள். அவளுடைய அப்பாவும் நானும் பிரிந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு வேறு நகரத்துக்கு மாற்றல் வந்தது. யாரோடு இருக்கிறாய் என்று கேட்டதற்கு, அப்பாவோடு என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டால் 'ம்', 'சரி', 'வைக்கிறேன்'. ஒருமுறை அந்த வீட்டுக்கே போனேன். அவருடைய இரண்டாவது மனைவி நல்லவள், அதுதான் தாங்கமுடியவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தாள், எங்கள் இருவரையும் தனியே விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைக்கூடச் சாத்திக்கொண்டாள். என் மகள் இரண்டு கைகளையும் முட்டிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் ரயில் நேரத்தைப் பற்றி எதையோ பேசிவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த வருஷம் நெடுந்தூர ஓட்டத்தில், வேறொரு கழகத்தின் பச்சைச் சட்டைக்கு மேலே ஒரு பின்கழுத்தைப் பார்த்தேன். எத்தனை தடவை எண்ணெய் தேய்த்த கழுத்து அது. அவள் ஓட ஆரம்பித்ததே எனக்குத் தெரியாது. பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டேன். முதல் வளைவுவரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நேராகப் பார்த்துக்கொண்டே, மூச்சுக்கு மூச்சு நிறுத்தி, "கெமிஸ்ட்ரில போயிடுச்சும்மா... அப்பாகிட்ட இன்னும் சொல்லல" என்றாள். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. தோழியோடு சண்டை, ராத்திரியில் வரும் பயம், ஒரு பையன், அந்தப் பையன் சரியில்லை, தலைமுடியை வெட்டிக்கொள்ளலாமா. முடிவுக்கோட்டைத் தாண்டியதும் மறுபடி 'ம்'. அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். நான் நன்றாகவே ஓடக்கூடியவள். அந்த ஓட்டத்தில் மட்டும், எவ்வளவு மெதுவாக ஓடினால் நடையென்று சொல்லமாட்டார்கள் என்று பார்ப்பேன். அந்தச் சாலையில் நான் யாருக்கும் விருந்தாளி இல்லை.

இதைக் கழகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. ஊரார் வாய்க்கு அவல் போடுவானேன் என்றுதான்.

பதிலைப் பற்றிப் பேசக் கூட்டம் கூடியபோது லேத் பட்டறைக்காரர் ஒரு யோசனையோடு வந்திருந்தார். இரும்பைச் சீவிச் சீவியே பழகியவர். "ரொம்ப சிம்பிள். உண்மையிலேயே ஓடறவங்க பேரை மட்டும் குடுப்போம். நடக்கறவங்க பேரை எடுத்துடுவோம். சந்தா பாதியாயிடும், வருஷ ஓட்டத்துக்கும் போயிடலாம். அவங்க எப்பவும் போல வரட்டும், யாரு வேண்டாங்கறா?"

எல்லோரும் நத்தையைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். அதனாலேயே எல்லோரும் அவனைப் பார்ப்பதுபோல இருந்தது. நத்தை கல்யாணப் புகைப்படக்காரன். ஆள் தேர் மாதிரி இருப்பான், அசைவதும் அப்படித்தான். எங்கள் கழகத்தில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. கடைசி ஆள் வந்து சேராமல் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. முன்னால் வந்தவர்கள் எல்லோரும் திரும்ப ஓடிப்போய், கடைசி ஆளைச் சுற்றிக்கொண்டு, சேர்ந்தே வருவோம். அந்தக் கடைசி ஆள் எப்போதும் நத்தைதான். வாய்க்கால் மதகில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருப்பான். எங்கள் தலை தெரிந்ததும் எழுந்து, அதுவரை ஓடிக்கொண்டே இருந்தவன் மாதிரி கையை வீசுவான். நாங்களும் நம்பினதுபோல இருப்போம்.

"என் பேரை முதல்ல எடுங்க தலைவரே," என்றான் நத்தை. "கல்யாணத்துல போட்டோ எடுக்கறவன் எந்தப் போட்டோலயாவது இருக்கானா? அதுக்காக அவன் கல்யாணத்துக்கு வரலன்னு ஆயிடுமா?"

சிலர் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே கழகத்தின் பெயர் போட்ட தன் சட்டையை வயிற்றுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டான்.

தலைவர் என்னைப் பார்த்தார். "செயலாளர் என்னம்மா சொல்றீங்க? நீங்க சொன்னா முடிச்சுடலாம்."

'சரி' என்று சொன்னால் போதும். சொல்லவேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா. வாய்க்குள்ளே அந்தச் சொல் தயாராகவே இருந்தது. பச்சைச் சட்டை, முதல் வளைவு, அவள் முதலில் சொல்லப்போகும் வாக்கியம் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. இந்த வருஷம் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. தொலைபேசியில் கேட்டதற்கு 'ம், கிடைச்சிருக்கு' என்றாள். என்ன வேலை, பிடித்திருக்கிறதா, கூட இருப்பவர்கள் எப்படி, எல்லாம் அந்த ஓட்டத்துக்காகக் காத்திருந்தன. நத்தை இன்னும் சட்டையை விடவில்லை.

"எண்ணினா எல்லாரையும் எண்ணட்டும்," என்றேன். "இல்லன்னா நம்மள எண்ணவே வேண்டாம்."

மறுபடியும் கைதட்டல். லேத்காரர்கூட, சரி போ என்பதுபோல இரண்டு தட்டுத் தட்டினார். கூட்டமைப்பிலிருந்து விலகுவதென்று ஒருமனதாக முடிவாயிற்று. நான் பம்ப் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நல்லது செய்தால் மனசு லேசாகும் என்று சொன்னவர் என் கையில் கிடைத்தால் பெரிய ஊசியாகத் தேடி எடுப்பேன்.

பையை எடுக்கக் கதவைத் திறந்த நத்தை வாசலிலேயே நின்றுவிட்டான். "என்னக்கா ஆச்சு?"

சொல்லிவிட்டேன். ஏன் அவனிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. கேட்டானே, அதனாலாக இருக்கலாம். அவன் ஐயோ என்றோ, என்னாலதானே என்றோ சொல்லவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"ஓட்டம் எந்த ரோட்டுலக்கா?"

"பொது ரோடுதான்."

"ஓரமா நிக்கறதுக்கும் தலைக்கு இவ்வளவுன்னு வாங்குவாங்களா?"

அப்படித்தான் ஓட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை அவனுடைய வேனில் போனோம். பின்னால் விளக்குத் தண்டுகளும் வெள்ளைக் குடைகளும் ஒவ்வொரு திருப்பத்திலும் உருண்டன. வேனை ஒரு மூடிய தச்சுப் பட்டறைக்கு முன்னால் நிறுத்திவிட்டு, "நீங்க போங்க, நான் கண்ணசந்துக்கறேன்" என்று இருக்கையைச் சாய்த்துக்கொண்டான். நான் ஓட்டத்துக்கான ஷூவைத்தான் போட்டிருந்தேன். நிற்கப் போகிறவளுக்கு இது எதற்கு என்று என்னையே கேட்டுக்கொண்டேன். சாலைக்கும் நடைபாதைக்கும் நடுவில் இடுப்பளவுக்கு இரும்புக் கம்பித் தடுப்பு. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் வேகக்காரர்கள் போனார்கள். பிறகு கும்பலாக வந்தார்கள். பச்சைச் சட்டைகளும் வந்தன. அவற்றில் அவள் இல்லை. கும்பல் மெலிந்து, பெருமூச்சுக்காரர்களும் இடுப்பைப் பிடித்துக்கொண்டவர்களும் போனார்கள். உடம்பு சரியில்லையோ, வரவே இல்லையோ என்று கம்பிக்கு மேல் எட்டி எட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லோரும் போனபிறகு அவள் வந்தாள். முடியை வெட்டிக்கொண்டிருந்தாள். நொண்டவில்லை, களைப்பும் இல்லை. காலைத் தூக்கித் தூக்கி வைத்து, வேண்டுமென்றே மெதுவாக ஓடிவந்தாள். நாலடிக்கு ஒருமுறை கழுத்தைத் திருப்பிப் பின்னால் வருகிறவர்களின் முகங்களைப் பார்த்தாள். அவர்கள் அவளைத் தாண்டிப் போனதும் இன்னும் பின்னால் பார்த்தாள்.

யாரைத் தேடுகிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"குட்டி!" என்று கத்தினேன்.

அவள் திரும்பினாள். அதற்குள் நான் ஓட ஆரம்பித்திருந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். என் பாதையில் மின்பெட்டி, பூட்டிய சைக்கிள்கள், ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த ஒரு கடைக்காரர். எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றி ஓடினேன்.

"எங்கம்மா... உன் நம்பர்?"

"இல்ல."

"சந்தா கட்டலையா?"

"கட்டல."

அவள் சிரித்தாள். சின்ன வயதில் குளிக்கும்போது சிரித்த அதே சிரிப்பு. "தெரியும். உன் லெட்டர்... எங்க கிளப்ல ஒட்டி வெச்சிருக்காங்க. யாரோ... காப்பி எடுத்து அனுப்பியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை மங்கலா இருக்குன்னு படிச்சதுமே... இது எங்கம்மான்னு சொல்லிட்டேன்."

எனக்கு மூச்சு வாங்கியது. ஓடியதால் இல்லை. "எல்லார்கிட்டயுமா சொன்ன?"

"மீட்டிங்கே போட்டோம். நான்தான்... ரொம்பப் பேசினேன். பாதிப் பேர் பயந்துட்டாங்க." வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "நாங்களும் விலகறோம்மா. இதான் கடைசி. அடுத்த வருஷம் வரமாட்டோம்."

பெருமையாகத்தான் சொன்னாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. என் வாய் வீண்போகவில்லை. அதே நேரம், யாரோ என்னிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டு போவதுபோலவும் இருந்தது. வேலையைப் பற்றிக் கேட்க நினைத்தேன். அவளே சொல்ல ஆரம்பித்தாள். மேலதிகாரி, மேசைக்குப் பக்கத்தில் ஜன்னல், மதியம் யாருடன் சாப்பிடுகிறாள் என்று. நான் ஒரு கண்ணால் அவளையும் ஒரு கண்ணால் சைக்கிள்களையும் பார்த்துக்கொண்டு ஓடினேன்.

சுரங்கப்பாதைக்கு முன்னால் நடைபாதை முடிந்துவிட்டது. சுவர். சாலை மட்டும் இறங்கிக் கீழே போனது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பேசிக்கொண்டே கொஞ்ச தூரம் போய், பக்கத்தில் என் காலடிச் சத்தம் கேட்காததால் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப நாம எங்கம்மா ஓடுறது?"

சுரங்கப்பாதை அவள் குரலைக் கொஞ்சம் பெரிதாக்கித் திருப்பித் தந்தது. ஓரத்தில் நின்றிருந்த கூட்டமைப்புக்காரர் விசிலை ஊதி, போ போ என்று கையைக் காட்டினார். கடைசியாக வந்தவர்களும் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் போகவில்லை. நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றித் தூக்கி, நடுச்சாலையில் என் பக்கம் திரும்பி ஓடிக்கொண்டிருந்தாள்.