அறுபத்து மூன்றாம் நம்பர் பில்லை

“லூர்தம்மாள்னு எழுதுங்க ஐயா. வயசு பதினாலு,” என்றாள் சவுரியம்மாள். வேலை முடிந்து மணி அடித்திருந்தது. கேட்டருகே பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அவளுக்கு எழுதத் தெரியாது. கல்லறைத் திருநாளுக்கு நாலு நாள்தான் பாக்கி. அன்றைக்குக் கோயிலில் வாசிக்கிற இறந்தவர் பட்டியலில் மகள் பேரைச் சேர்க்க உபதேசியாரிடம் சீட்டுக் கொடுக்க வேண்டும். ஆறு வருஷமாக மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவள். இந்த வருஷம் இளையவளுக்குப் பள்ளிகொண்டாவில் மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. மூத்தவள் இருக்கிறாளா செத்தாளா என்று தெரியாத வீட்டில் எப்படிச் சம்பந்தம் வைப்பது, அதை முடித்துவிட்டுக் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கலாம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அதை என்னிடம் சொல்லும்போது அவள் வாய் கோணிக்கொண்டது.

நான் ஆம்பூரில் இந்தத் தோல் பதனிடும் ஷாப்பின் கேட்டு ரைட்டர், பேர் அருணகிரி. என் முதுகுக்குப் பின்னால் ஒரு பலகை, பலகையில் நூற்றிருபது ஆணி, ஆணிக்கு ஒரு பித்தளைப் பில்லை. உள்ளே போகிறவர்கள் தங்கள் நம்பர் பில்லையை வாங்கிப் போய், வெளியே வரும்போது திருப்பித் தர வேண்டும். பலகை நிரம்பிவிட்டால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம், கேட்டைப் பூட்டிவிடுவேன். இந்த ஏற்பாடு என் மூளையில் உதித்தது என்று பத்து வருஷமாகப் பீற்றிக்கொண்டிருந்தவன் நான்.

லூர்துவும் இங்கேதான் வேலை பார்த்தாள். காலையில் மிஷன் பள்ளிக்கூடம், மத்தியானத்துக்கு மேல் அரைநாள் வேலை. ஆட்டுத் தோலிலிருந்து எடுத்த மயிரைப் பாலாற்று ஊற்றில் அலசி மணலில் காயப்போட வேண்டும். அதற்காகவே பின்பக்கம் ஆற்றைப் பார்த்து ஒரு கதவு உண்டு. 1930 ஆவணியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பலகை நிரம்பியது. கேட்டைப் பூட்டினேன். அவள் வீடு போய்ச் சேரவில்லை. விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் நான்தான் அடித்துச் சொன்னேன்: “அறுபத்து மூணு வந்துடுச்சி சார். என் கையாலயே ஆணியில மாட்டினேன்.” ஆகவே ஐந்து மணிக்கு மேல், கேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று முடிவாயிற்று. அந்த அரை மைல் ரோட்டைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். அவர்கள் தெருவுக்கென்று ரோட்டோரம் இருந்த கிணற்றை இறைத்துப் பார்த்தார்கள். ஒரு வளையல் துண்டுகூடக் கிடைக்கவில்லை.

அடுத்த மாதமே சவுரியம்மாள் மகளின் இடத்தில் வேலைக்குச் சேர்ந்து, அதே நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கிணறு வந்தால் மட்டும் ரோட்டின் எதிர்ப்பக்கம் ஒதுங்கிவிடுவாள். அதில் ஒன்றும் இல்லை என்று ஊரே சொல்லியும் கேட்கவில்லை. ஆறு வருஷமாக அவள் வீட்டுக்கு ஆற்று ஊற்றுத் தண்ணீர்தான்.

நான் ‘லூ’ வரைக்கும் எழுதியிருப்பேன். ஒரு கை வந்து காகிதத்தை மூடியது.

“எழுதாதீங்க ஐயா.”

சவுரியம்மாளின் தெருவுக்காரி பூவம்மாள். மறு கையில் அவர்கள் தெருப் பெண்களின் ஐந்து பில்லைகளைக் கொத்தாகப் பிடித்திருந்தாள்.

“இன்னா பூவு?” என்றாள் சவுரியம்மாள்.

“அக்கா, என்ன அடி, கொல்லு. உசுரோட இருக்கிற புள்ள பேர செத்தவங்களோட சேத்து வாசிச்சிடாத.” பூவம்மாளுக்கு மூச்சு வாங்கியது. “அன்னிக்கு மூணு மணிக்கே ஆத்துப் பக்கமா போய்ட்டா. ‘சின்னம்மா, சாயங்காலம் என் பில்லையயும் சேத்துக் குடுத்துடு’ன்னா. எங்கடீன்னேன். சிரிச்சா, அவ்ளோதான். அடுத்தவங்க பில்லையக் குடுத்தேன்னு தெரிஞ்சா வேலைய விட்டு அனுப்பிடுவாங்கன்னு பயந்துட்டேன். மொத நாளு சொல்லல. அப்பறம் எந்த மூஞ்சிய வச்சிகினு சொல்றது?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இன்றைக்கே உன்னை வெளியே அனுப்புகிறேன் பார் என்று கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே அவள் கையிலிருந்த கொத்து கண்ணில் பட்டது. தெருவுக்கு ஒருத்தி எல்லார் பில்லையையும் சேர்த்துக் கொடுத்தால் கூட்டம் சீக்கிரம் கலையும் என்று அவர்களைப் பழக்கியவனே நான்தான். நான் பித்தளையை எண்ணினேன், முகத்தைப் பார்க்கவில்லை. என் பேச்சை நம்பி எல்லாரும் ஸ்டேஷனில் ஆறு மணி ரயிலைப் பற்றித்தான் விசாரித்தார்கள். மூன்றே முக்கால் பெங்களூர் ரயிலைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சவுரியம்மாள் பூவம்மாளின் கொண்டையைப் பிடித்து உலுக்கினாள். “ஆறு வருசம்டீ! ஆறு வருசம்!” பிறகு என்ன தோன்றியதோ, பிடியை விட்டாள்.

“எப்டி இருந்தா? அதச் சொல்லு.”

“நல்லாத்தான் இருந்தாக்கா. ஊத்துல குந்திகினு, புளி போட்டு கையத் தேச்சித் தேச்சிக் கழுவினா. ‘மோந்து பாரு சின்னம்மா, நாறுதா’ன்னு மூக்குகிட்ட நீட்டினா.”

“நாறுச்சா?”

“இல்லக்கா. புளி வாசனதான்.”

தோல் ஷாப்புக் கையில் சுண்ணாம்பும் தோலும் கலந்த நாற்றம் எப்போதும் இருக்கும். இங்கே யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. வேறு மனுஷர்கள் நடுவே போய் நிற்கப் போகிறவளுக்குத்தான் அந்தக் கவலை வரும்.

“சாவப் போறவ எதுக்குடீ கையக் கழுவறா?” என்ற சவுரியம்மாள் சிரித்தாள். கண்ணீர் பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. ஆறு வருஷத்தில் ஒரு கடுதாசிகூட வரவில்லையே என்பது என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். அது அவளுக்குத் தெரியாததா?

“ஐயா, அந்த ரயிலு போற ஊர்ல எல்லாம் கோயிலு இருக்குதில்ல? ஜோலார்பேட்டை, தங்கவயலு, பெங்களூரு?”

“இருக்கும்மா.”

“அங்க இருக்கிற சாமியாருங்களுக்கு எழுதுங்க. பூசையில வாசிக்கட்டும். அம்மா தேடறா, தங்கச்சிக்குக் கல்யாணம், வந்துட்டுப் போன்னு.”

“பள்ளிகொண்டாக்காரங்க ஒத்துக்கலன்னா?” என்று கேட்டேன்.

“அவங்க இல்லன்னா வேற மாப்ள.”

‘லூ’ என்று ஆரம்பித்த சீட்டைக் கிழித்துப் போட்டேன். புதுக் காகிதம் எடுத்துப் பேரை எழுதி, கை தானாகவே பக்கத்தில் பழைய வயசையும் எழுத, படித்துக் காட்டினேன்.

“பதினாலு இல்ல ஐயா,” என்றாள். “இருவது.”

அடித்துவிட்டு இருபது என்று எழுதினேன். அவள் தன் பில்லையை நீட்டினாள். முதலில் அவள் முகத்தைப் பார்த்தேன், பிறகு அறுபத்து மூன்றை ஆணியில் மாட்டினேன். பூவம்மாளின் கொத்தை வாங்கவில்லை. அவரவர் வந்து கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. கிளம்பட்டும்.

கேட்டைப் பூட்டும்போது ரோட்டைப் பார்த்தேன். சவுரியம்மாள் முன்னால் போக, பூவம்மாள் பத்தடி தள்ளி, தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். கிணறு வந்தது. சவுரியம்மாள் எதிர்ப்பக்கம் ஒதுங்கவில்லை. நேரே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள், வெகு நேரம். தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த ஒருத்தியிடம் கேட்டு வாங்கி, முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு திரும்பிப் பூவம்மாளைக் கூப்பிட்டு, ஈரம் சொட்டும் கையை அவள் மூக்கருகே நீட்டினாள்.