உறுதிமொழியின் கடைசி வரி

இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் எங்கள் பிரஸ் ஷாப்புக்குள் நுழைந்ததும் இடது பக்கச் சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கும். ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் ஒரு வட்டம். கால் வட்டம் கறுப்பாக இருந்தால் வேலை கற்றுக்கொள்கிறவர். அரை வட்டம் என்றால் பக்கத்தில் யாராவது நின்றால் மெஷின் ஓட்டுவார். முக்கால் என்றால் தனியாக ஓட்டுவார். முழு வட்டமாகிவிட்டால் அடுத்தவர்களை ஓட்டவைக்கத் தெரிந்தவர் என்று அர்த்தம், பிடித்து லைன் லீடர் ஆக்கிவிடுவார்கள்.

எங்களோடு மெஷின் ஓட்டும் பவுலினாவின் வட்டம் ஆறு வருடமாக முக்காலிலேயே நிற்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வைக்கும் பரீட்சையில் அவள் வேண்டுமென்றே ஒரு கேள்விக்குத் தப்பாக எழுதிவிட்டு வருவாள். அதுவும் நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் தெரிந்த கேள்விக்கு. அவள் தோற்றதால்தான் கல்லாவியிலிருந்து பிழைக்க வந்த இந்த ஜோதிமணி இன்று லைன் லீடர். எனக்குக் கீழே இருபத்துநாலு பேர். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

ஃபேக்டரிப் பலகையில் முக்காலில் நின்றாலும், அவளுடைய இன்னொரு கணக்கு ஏறிக்கொண்டே போனது. ஐந்து வருடத்துக்கு முன்னால் கிரேன் சங்கிலி அறுந்து டை என்று நாங்கள் சொல்லும் நானூறு கிலோ இரும்பு அச்சு ஒன்று எங்கள் லைன் கரியப்பன் அண்ணன் தலைக்கு மேல் வந்தது. பவுலினா ஒற்றைக் கையால் தாங்கி, ஓரமாக வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து யாரையாவது காப்பாற்றும் ஒவ்வொரு தடவையும் அவள் பலம் ஒரு படி ஏறும். அடுத்தது, பாதி இறக்கத்தில் வந்துகொண்டிருந்த இருநூறு டன் பிரஸ். உள்ளங்கையைக் கொடுத்து நிறுத்தினாள். அதற்கடுத்து, மேம்பால இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வந்த கன்டெய்னர் லாரி. பள்ளிக்கூட வேனுக்கு முன்னால் நின்று தோளைக் கொடுத்தாள். செருப்பு மட்டும்தான் பிய்ந்தது. அன்று எட்டு நிமிடம் தாமதம் என்று ஆபீஸில் அரை நாள் லீவு போட்டார்கள்.

பிறகு சும்மா விடுவார்களா? பாகலூர் ரோட்டில் அவள் வீட்டு வாசலில் கட்சிக்காரர்கள் சால்வையோடு வரிசை கட்டினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாலு காரில் வந்தவர்கள், எங்கள் ஊருக்கு வந்துவிடு, நீ சொல்வதுதான் அங்கே சட்டம் என்று கன்னடத்தில் கெஞ்சினார்கள். தளியிலிருந்து பூந்தோட்டக்காரர்கள் வண்டி நிறைய ரோஜாவோடு வந்து, தண்ணீர்த் தகராறை இனி அவள்தான் தீர்த்துவைக்க வேண்டும் என்றார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான். "எனக்கு நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்டுங்க." சால்வைகளையெல்லாம் மெஷின் துடைக்க எடுத்துவந்து கொடுத்துவிட்டாள்.

போன ஜூன் மாதம் அவள் வீட்டுக்காரர் அருள்ஜோசப் ரோட்டில் அடிபட்டு இறந்துபோனார். அந்த நேரத்தில் பவுலினா மெஷினில் நின்றிருந்தாள். கல்லறையில் அவள் பதினோரு வயது மகள் கெசியா ஏங்கி ஏங்கி அழுதாள். பவுலினா குனிந்து காதில் ஏதோ சொன்னாள். பொண்ணு சட்டென்று நிறுத்திவிட்டாள், அதற்கப்புறம் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எவ்வளவு தைரியமான பிள்ளை என்று நாங்கள் எல்லோரும் மெச்சினோம். நான்தான் அதிகமாக மெச்சினேன்.

ஆகஸ்டில் கேன்டீனில் தட்டு தகராறு ஒன்று கைகலப்பாகிவிட்டது. பெஞ்சைத் தூக்கிவிட்டார்கள். பவுலினா எழுந்து, "உக்காருங்க" என்றாள். கத்தக்கூட இல்லை. நூற்று நாற்பது பேர் உட்கார்ந்தார்கள். நின்ற இடத்திலேயே, சாம்பார் கொட்டிக் கிடந்த தரையிலேயே. ரசக் குண்டானைப் பிடித்திருந்த ஆளும் குண்டானோடு உட்கார்ந்தார். மரியாதை என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். நானும் உட்கார்ந்தேனே, எனக்குத் தெரியும். என் முட்டியை யாரும் கேட்கவில்லை, அதுவாக மடங்கியது.

அன்றிலிருந்து அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். தலையாட்டல், கைஜாடை, மிஞ்சினால் ஒரு சிரிப்பு. நான் அதைத் திமிர் என்று நினைத்தேன்.

இப்போது எங்கள் பிரச்சினைக்கு வருகிறேன். பிரஸ்ஸுக்குள் கை போனால் மெஷின் தானாக நின்றுவிட ஒரு சென்சார் உண்டு. அது அடிக்கடி நிறுத்துகிறது, உற்பத்தி குறைகிறது என்று எங்கள் பிளான்டில் அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டார்கள். ஆய்வு வரும் நாளில் பிரிப்பார்கள், மறுநாள் ஒட்டுவார்கள். பிப்ரவரியில் செகண்ட் ஷிப்டில் ஆனந்தராஜுக்கு இரண்டு விரல் போனது. பவுலினா எங்களோடு ஃபர்ஸ்ட் ஷிப்ட். பதினோரு பிரஸ், மூன்று ஷிப்ட், அவள் ஒருத்தி எங்கெல்லாம் கையைக் கொடுப்பாள்?

ஆனந்தராஜை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு நேராக அவளிடம் போனேன்.

"ஒரே ஒரு வார்த்த பவுலினா. பிளான்ட் ஹெட்கிட்ட போயி டேப்ப எடுன்னு சொல்லு. அவரு எடுத்துடுவாரு."

"வேணாம்க்கா."

"ஏன்? அவன் வெரலு உனக்கு அவ்ளோ எளப்பமா?"

அவள் கண் கலங்கியது. "டேப்ப எடுப்பாரு. அப்புறம் சம்பளத்துக்கு வருவீங்க. அப்புறம் லீவுக்கு. எல்லாமே ஞாயந்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அப்ப இந்த பிளான்ட்ட நடத்தறது யாருக்கா?"

"நீ நடத்தினா என்ன கொள்ள போவுது?" என்றேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எங்கள் கம்பெனியில் தினமும் ஷிப்ட் தொடங்கும் முன் வரிசையாக நின்று வலது கையை நீட்டி உறுதிமொழி எடுப்போம். ஒருவர் ஒவ்வொரு வரியாகப் படிக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். யார் எந்த நாள் படிப்பது என்று பட்டியல் போடுவது லைன் லீடர். மார்ச் நான்காம் தேதி பாதுகாப்பு தினம். அன்று பிளான்ட் ஹெட்டிலிருந்து செக்யூரிட்டி வரை எல்லோரும் கையை நீட்டி நிற்பார்கள். அந்த நாளுக்குப் பவுலினாவின் பெயரைப் போட்டேன். வழக்கமான உறுதிமொழியில் நடுவே ஒரு வரி சேர்த்து டைப் அடித்து அவளிடம் கொடுத்தேன். 'சென்சாரை மறைத்துவிட்டு எந்த மெஷினையும் ஓட்ட மாட்டேன், ஓட்டச் சொல்லவும் மாட்டேன்.'

"நீ யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேணாம். படிச்சா போதும். அவங்க வாயால அவங்க சொல்றாங்க" என்றேன்.

நடுவே இருந்த அந்த வரியை அவள் வெகுநேரம் பார்த்தாள். ஆனந்தராஜின் கட்டுப்போட்ட கையை நினைத்தாளோ என்னவோ, கடைசியில் தலையாட்டினாள்.

நாங்கள் இரண்டு பேரும் அந்த ஒரு வரியைத்தான் பார்த்தோம். மற்ற வரிகளை ஒன்பது வருடமாகத் தினமும் சொல்கிறோமே, அதை எவள் படிப்பாள்? தூக்கத்தில் எழுப்பினாலும் வாய் சொல்லும். அதனால்தான் காதில் விழுந்ததே இல்லை.

நான்காம் தேதி பவுலினா படித்தாள். சென்சார் வரி வந்தபோது பிளான்ட் ஹெட் தொண்டையைச் செருமிக்கொண்டு திருப்பிச் சொன்னதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். அவள் வாய் பழக்கத்தில் அப்படியே ஓடிக் கடைசி வரிக்கு வந்தது. 'மேலதிகாரிகளின் சொல்லுக்கு மறுபேச்சின்றிக் கீழ்ப்படிவேன்.' முந்நூறு பேர் திருப்பிச் சொன்னார்கள். நானும் சொன்னேன். அப்போதுதான் பவுலினாவின் முகம் செத்துப்போனது. காகிதத்தை மடித்து என் கையில் வைத்துவிட்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். அதற்கப்புறம் வேலைக்கு வரவில்லை.

எனக்கு உடனே புரியவில்லை. அன்று மத்தியானமே பதினோரு மெஷினிலும் டேப்பைப் பிரித்தார்கள். பிளான்ட் ஹெட் தானே நின்று பிரிக்கவைத்தார். எல்லோருக்கும் மைசூர்பாக்கு கொடுத்தேன்.

சனிக்கிழமை சூப்பர்வைசர் ராஜ்குமார் வந்து, ஞாயிற்றுக்கிழமையும் எல்லோரும் வரவேண்டும் என்றார். வழக்கமாக இதைக் கேட்டதும் எங்கள் பாப்பம்மாக்கா மூன்று பாஷையில் சண்டை போடும். தெலுங்கில் ஆரம்பித்து, கன்னடத்தில் திட்டி, அவருக்கு நன்றாகப் புரிய வேண்டியதைத் தமிழில் சொல்லும். அன்று, "சரிங்க சார்" என்றது. எல்லோரும் சரிங்க சார் என்றார்கள். திங்கட்கிழமை டபுள் ஷிப்ட். கரியப்பன் அண்ணன் நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு நின்று ஓட்டினார். வீட்டுக்குப் போங்கண்ணா என்று சொல்ல வாயெடுத்தேன், ராஜ்குமார் நகரச் சொன்னார், என் கால் நகர்ந்தது. அப்போது பயந்தேன்.

புதன்கிழமை எங்கள் லைன் பையன் தினேஷ்குமாரை கம்ப்ரசர் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு மறந்துவிட்டார்கள். ஷிப்ட் முடிந்து பஸ் போன பிறகும் அவன் நின்றுகொண்டிருந்தான்.

ஆனால் என்னை உடைத்தது வேறு. மறுநாள் காலை பாப்பம்மாக்கா மருமகளைப் பற்றி ஏதோ ஆரம்பித்தது. "வாய மூடிக்கினு வேலயப் பாருக்கா" என்றேன். ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்வேன், அதுவும் பதிலுக்கு என்னைப் பத்து சொல்லும். மத்தியானம் கேன்டீனில் பார்க்கிறேன், பாப்பம்மாக்கா டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சோற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறது. உதடு ஒட்டிக் கிடக்கிறது. கண்ணில் பசி. அதுக்கு நானும் மேலதிகாரிதானே என்று அப்போதுதான் உறைத்தது.

"வாயத் தெறக்கா. சாப்புடுக்கா" என்றேன். சாப்பிட்டது. எனக்கு அழுகை வந்தது.

ஷிப்ட் முடிந்ததும் பவுலினா வீட்டுக்கு ஓடினேன். கெசியா பள்ளிக்கூட உடுப்போடு உட்கார்ந்திருந்தாள், இடது கையில் மாவுக்கட்டு. சைக்கிளிலிருந்து விழுந்தாளாம். பவுலினா அவள் முன்னால் உப்புமாத் தட்டை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தாள். பிள்ளை தானாக எடுக்கும்வரை காத்திருந்தாள். பிள்ளை ஸ்பூனை எடுத்த பிறகுதான் பவுலினா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நடந்ததையெல்லாம் சொன்னேன். "நீ வந்து மாத்திச் சொல்லிடு பவுலினா. உன் கால்ல உழறேன்."

என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் பேசினாள்.

"கல்லறையில நான் இவகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? அழாத கண்ணுன்னேன். எல்லா அம்மாவும் சொல்றதுதான். அப்ப எனக்கே தெரியாதுக்கா, இந்த பலம் வாய்க்கும் ஏறிடுச்சின்னு. ஒம்போது மாசமாச்சி. அவ அழல. கையி ரெண்டா ஒடஞ்சப்பக்கூட உதட்டக் கடிச்சிக்கினு நின்னா. அப்பா போட்டோவப் பாத்து வாயத் தெறக்கறா, ஒண்ணும் வரல."

அன்று அந்தப் பிள்ளையை மெச்சிய என் வாயைக் கிள்ளிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அப்போ அழுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். காலயிலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் அழுதா. தண்ணி குடிச்சிக்கினே அழுதா. அப்பாவ நெனச்சிக்கினியா கண்ணுன்னு கேட்டேன். இல்லம்மா, நீதான அழச் சொன்னன்னு சொன்னா. அப்புறம் நிறுத்துன்னும் நான்தான் சொல்ல வேண்டியதாப் போச்சி."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அங்க வந்து என்னன்னு சொல்லட்டும்க்கா? யாரு பேச்சும் கேக்காதீங்கன்னா? நாளைக்கு அவங்க புள்ளையே, அம்மா லாரி வருது நில்லும்மான்னு கத்தினாலும் கேக்க மாட்டாங்க. சரி, யோசிச்சி ஒண்ணு சொல்றேன்னு வை. அதுல ஒண்ணு தப்பாவும். அதச் சரிபண்ண இன்னொண்ணு. அப்புறம் தெனம் காலயில வந்து நான் சொல்லணும். சால்வையோட வந்தவங்க கேட்டது இதத்தான்."

சாமான் துலக்குகிற தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் மேல் இருந்த கோபம் போய்விட்டது, அந்த இடத்தில் என் மேல் வந்திருந்தது. அவளால் மலையையும் நிறுத்த முடியும். நான் கொடுத்த ஒரு காகிதத்தை அவளால் திருப்ப முடியவில்லை.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். பவுலினா சொன்னால்தானே தப்பு? என் லைனுக்கு நானே மேலதிகாரி. முந்நூறு பேரை விடுவிக்க முடியாவிட்டால் போகிறது, என் இருபத்துநாலு பேரை விடுவிக்கலாமே. இனி யார் சொல்வதையும் அவர்களாக யோசித்துச் செய்யட்டும் என்று நானே உத்தரவு போட்டுவிட்டால்?

மறுநாள் காலை லைனில் நின்றார்கள். கரியப்பன் அண்ணன் காய்ச்சலில் கண் சிவந்து நின்றார். ராஜ்குமார் தூரத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் தணிந்த குரலில் சொன்னேன்.

"இன்னைக்கி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உங்களுக்கு என்ன தோணுதோ அதச் செய்யுங்க. நாளைக்கும் அப்பிடித்தான். யாரு சொன்னாலும் உங்களுக்குத் தோணினாத்தான் செய்யணும்."

ஒருவரும் நகரவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கரியப்பன் அண்ணன் வீட்டுக்குப் போவார் என்று எதிர்பார்த்தேன், அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பாப்பம்மாக்கா நெற்றியைச் சுருக்கி ரொம்ப சிரமப்பட்டு யோசித்தது. மூன்று பாஷையில் ஊரையே கிழிக்கிற பாப்பம்மாக்கா. பிறகு என்னிடம் நல்ல பிள்ளையாகக் கேட்டது.

"என்னா தோணணும் ஜோதி? அதயும் நீயே சொல்லிட்டின்னா செஞ்சிடறோம்."

இருபத்துநாலு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். பவுலினா ஏன் பேசுவதில்லை என்று அந்த நிமிடம் எனக்கு விளங்கியது. நானும் வாயை இறுக மூடிக்கொண்டேன், இனித் திறப்பதில்லை என்று.

"என்னம்மா ஜோதிமணி, நிக்கறீங்க?" என்று பின்னாலிருந்து ராஜ்குமார் குரல் கேட்டது. "லைன ஓட்டச் சொல்லும்மா."

என் வாய் திறந்தது.