யார் போட்ட காது

பூதக்கண்ணாடி என்பது வங்கியில் அவளுக்கு வைத்த பெயர். இருபத்தாறு வருடம் கையெழுத்துச் சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்தவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவசரத்தில் ஒருவர் வளைவைக் கொஞ்சம் குறைத்துப் போட்டாலும் பிடித்துவிடுவாள். பிடித்தால் லேசில் விடமாட்டாள். ஆளைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்து, "என் கண் முன்னாடி இன்னொரு தடவை போடுங்க" என்பாள். பக்கத்தில் ஓர் அதிகாரியைச் சாட்சிக்கு நிறுத்திக்கொள்வாள். அது வங்கியின் விதிதான். ஆனால் மற்றவர்கள் அதை வேறு வழியில்லாமல் செய்தார்கள், அவள் ஆசையாகச் செய்தாள்.

போன வருடம் அந்த வேலைக்கு ஓர் இயந்திரம் வந்தது. அவளை முகவரி மாற்றும் பிரிவுக்குத் தள்ளினார்கள். அங்கே சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. யாராவது வீடு மாறினால் மாறிவிட்டுப் போகட்டும். ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது திடீரென்று தோன்றியது: காலமெல்லாம் அடுத்தவர் கோட்டில் குற்றம் கண்டுபிடித்தாயிற்று, எனக்கென்று ஒரு கோடு உண்டா? அந்தக் கேள்வி வந்த வழியே போகவில்லை. அவளுடைய கை, அவளுடைய கோடு என்று யாரும் மறுக்க முடியாத ஒன்றைப் போட்டுவிட வேண்டும் என்று வெறி மாதிரி ஓர் ஆசை வந்தது. நூலகத்து மாடியில் சனிக்கிழமை பிற்பகல் நடக்கும் ஓவிய வகுப்பில் சேர்ந்தாள். முதல் ஒரு மணி நேரம் கலை வரலாறு, பிறகு ஒன்றரை மணி நேரம் படம் போடுவது. 'முன் அனுபவம் தேவையில்லை' என்று சுவரொட்டியில் இருந்தது. எதையாவது தேவையில்லை என்று எவராவது சொன்னால் அவளுக்குச் சந்தேகம் வரும். இருந்தும் சேர்ந்தாள்.

டீச்சருக்கு நாற்பது வயதுதான் இருக்கும், இவளைவிடப் பத்து வயது இளையவள். பெரிய பைகள் வைத்த நீளச் சட்டை போட்டிருப்பாள். வலது கை எப்போதும் அந்தப் பைக்குள்ளேயே இருக்கும். முதல் நாளே பூதக்கண்ணாடிக்குப் பொறி தட்டியது. நான்காவது வாரம் அது ஊர்ஜிதமானது. இந்த டீச்சர் இதுவரை ஒரு கோடுகூடப் போட்டுக் காட்டியதில்லை. எல்லாம் வாயால்தான். "தாடையை விட்டுட்டு தாடைக்குப் பின்னாடி இருக்கிற இருட்டைப் போடுங்க", "மூக்கை மறந்துடுங்க, மூக்கோட நிழலைப் பாருங்க." கேட்க நன்றாகத்தான் இருந்தது. வாயால் பேசுகிறவர்களை அவள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்!

"வரையத் தெரியாதவ வரையச் சொல்லித் தர்றா" என்றாள் வீட்டுக்காரரிடம்.

அவர் செய்தித்தாளை இறக்காமலே சொன்னார். "சேர்ந்து நாலு வாரம்தான் ஆச்சு. அதுக்குள்ள கேஸ் போட்டுட்டியா?"

"கேஸ் போடல. பாத்துக்கிட்டு இருக்கேன்."

"அதான் எனக்கு பயமா இருக்கு."

வகுப்பில் மொத்தம் பத்துப் பேர். அவர்களில் இரண்டு பேர்மேல் அவளுக்குத் தனிக் கண். ஒருவர் பல் டாக்டர். தொப்பையும் சிரிப்புமாக இருப்பார், வாரம் தவறாமல் டீச்சருக்கு ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுப்பார். கொடுக்கிறதுதான் கொடுக்கிறார், அதென்ன பாதித் தம்ளர்? இன்னொருத்தி தையல்காரம்மா. வருகைப் பதிவேட்டை அவள்தான் எழுதுவாள், டீச்சர் பார்த்துக்கொண்டு நிற்பாள். தாள்களைப் பலகையில் குத்துவதும் அவள்தான். நன்றாகக் காக்காய் பிடிக்கிறார்கள் என்று பூதக்கண்ணாடி முடிவு கட்டினாள். வருடக் கடைசியில் நூலகக் கூடத்தில் கண்காட்சி உண்டு, நல்ல படங்களை டீச்சர்தான் தேர்ந்தெடுப்பாள் என்பது அவளுக்குத் தெரியும். கலை வரலாற்று நோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைத்தாள்: 'டாக்டர், அரைத் தம்ளர். ஐந்தாவது வாரம்.'

முன்பக்கமும் லேசுப்பட்டதல்ல. எட்டாவது வாரம் டீச்சர் பழைய காலத்து ஓவியப் பட்டறைகளைப் பற்றிப் பேசினாள். பெரிய ஓவியர் முகத்தையும் கையையும் மட்டும் போடுவாராம். துணி மடிப்பு, மரம், வானம், நாய்க்குட்டி எல்லாம் சீடப்பிள்ளைகள். கீழே மட்டும் பெரியவர் பெயர்.

"இதை மோசடின்னு யாரும் சொல்லலையா?" என்று கேட்டாள் பூதக்கண்ணாடி.

"அப்ப அது வழக்கம், அக்கா. பட்டறையோட பேர்தான் முக்கியம்."

'வழக்கம் என்று சொன்னால் எதுவும் செல்லும் போலிருக்கிறது' என்று எழுதிக்கொண்டாள். அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே, 'நாய்க்குட்டி போட்டவன் பாவம்' என்றும் எழுதினாள்.

மேசைமேல் ஒரு கிழவனின் பிளாஸ்டர் தலை இருந்தது. மூக்கு நுனி உடைந்தது. வாரா வாரம் அதைத்தான் போட்டார்கள். பூதக்கண்ணாடியின் கிழவன் எட்டு வாரமும் எட்டு ஆளாக இருந்தான். கோடுகள் அரை அங்குலத்துக்கு ஒரு தடவை நின்று நின்று, பயந்து பயந்து போயின. ஒவ்வொரு துண்டுக்கும் நிமிர்ந்து சரிபார்ப்பாள். சரியில்லை என்று அழிப்பாள். தாள் பஞ்சாகிவிடும். தன்மேல் அவளுக்கு அழுகையே வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்பதாவது வாரம் டீச்சர் ஒரு புதிய வேலை கொடுத்தாள். "இன்னைக்குக் காது மட்டும். கண்ணு கிழவனோட தலைமேலேயே இருக்கணும், தாளைக் குனிஞ்சு பாக்கவே கூடாது. பென்சிலை எடுக்காம ஒரே கோடா போங்க. முடிஞ்சதும் பாக்காம கவுத்து வெச்சிட்டு வீட்டுக்குப் போங்க. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

பார்க்காமல் போடுவதா? வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குகிற மாதிரி அல்லவா இருக்கிறது! வேண்டாவெறுப்பாகப் போட்டாள். கை தன் பாட்டுக்குப் போயிற்று. கவிழ்த்து வைத்துவிட்டு இறங்கிவிட்டாள். தாள்கள் அலமாரிக்குள் போயின. அலமாரிச் சாவி டீச்சரிடம்.

பத்தாவது வாரம் கலை வரலாற்று நேரத்தில் டீச்சர் ஒரு விஷயம் சொன்னாள். பெயரில்லாத பழைய ஓவியம் யார் கையில் பிறந்தது என்று கண்டுபிடிக்க, சில ஆராய்ச்சியாளர்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்களாம். காதையும் நகத்தையும் பார்ப்பார்களாம். முகத்தை எல்லோரும் கவனமாகப் போடுவார்கள், காதைப் போடும்போது கை தன் பழக்கத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். பூதக்கண்ணாடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இருபத்தாறு வருடமாக அவள் செய்த வேலை இதுதான்! இவ்வளவு பெரிய விஷயத்துக்குள் தன் மேசையும் இருக்கிறது என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

பிறகு தாள்களை எடுத்துக் கொடுத்தார்கள். அவள் தன் தாளைத் திருப்பினாள்.

அது காது. உண்மையான காது. மேலே அகன்று, உள்ளே சுருண்டு, மடலில் வந்து தொங்கி நின்றது. கோடு எங்கும் நிற்கவில்லை. மூலையில் அவள் முன்பே எழுதி வைத்திருந்த பெயர் இருந்தது.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. மூக்கில் வியர்த்தது.

எட்டு வாரத் தாள்களையும் வீட்டுக்கு எடுத்துப் போய், சாப்பாட்டு மேசைமேல் பரப்பி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். எதுவும் ஒத்துப்போகவில்லை. அழுத்தம் வேறு, வேகம் வேறு, தொடங்குகிற இடம் வேறு. இது வங்கிக்கு வந்திருந்தால் நிராகரித்திருப்பாள்.

"யாரோ என் தாளை எடுத்துட்டு வேற காது போட்டு வெச்சிருக்காங்க."

"யாருக்கு வேற வேலை இல்ல?" என்றார் வீட்டுக்காரர்.

"சாவி யாருகிட்ட இருக்கு? கண்காட்சியில நம்ம வகுப்பு நல்லாத் தெரியணும்ல. எல்லார் தாளையும் தொட்டிருப்பா. பட்டறைக் கதை அன்னைக்கே சொன்னா, நாந்தான் புரிஞ்சுக்கல."

"வரையத் தெரியாதவன்னு நீதானே சொன்னே?"

அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அவள் அப்போது இருந்த வேகத்தில் அது காதில் ஏறவில்லை. தன் ஒரே ஆசையில் இன்னொருத்தி கை வைத்துவிட்டாள் என்ற கோபம் கொதித்தது. திங்கட்கிழமையே நூலக நிர்வாகியைப் போய்ப் பார்த்தாள். சனிக்கிழமை வகுப்புக்குச் சாட்சியாக வரச் சொன்னாள்.

வந்தார். கதவோரம் கைகட்டி நின்றார்.

"டீச்சர், இது நான் போட்ட காது இல்ல" என்றாள் பூதக்கண்ணாடி, எழுந்து நின்று.

"உங்க தாள்தானே, அக்கா?"

"தாள் என்னுது. கோடு என்னுது இல்ல. நீங்க திருத்தியிருக்கீங்க."

டீச்சர் முகம் சுருங்கியது. "நான் யாரோட தாளையும் தொடறதில்லக்கா."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. போர்டுல ஒரு காது போடுங்க, எல்லார் முன்னாடியும். நான் ஒத்துப் பாத்துக்கறேன்."

பல் டாக்டர் சட்டென்று எழுந்தார். "மேடம், விடுங்க. ப்ளீஸ்."

"நான் ஏன் விடணும்? உங்களுக்கு என்ன அவ்வளவு அக்கறை?"

நிர்வாகி தொண்டையைச் செருமினார். "ஒரு காதுதானே டீச்சர். போட்டுக் காட்டிட்டா பேச்சு முடிஞ்சது."

டீச்சர் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு வலது கையைச் சட்டைப் பையிலிருந்து வெளியே எடுத்தாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது. சாக்பீஸை எடுப்பதற்குள் இரண்டு தடவை கீழே விழுந்தது. தையல்காரம்மா குனிந்து எடுத்துக் கையில் வைத்தாள். போர்டில் சாக்பீஸ் படபடவென்று அடித்துக்கொண்டது. கோடு உதறி உதறி மேலே ஏறி, வளைந்து, இறங்கியது. பாதியில் விடவில்லை டீச்சர், காது முழுவதையும் போட்டு முடித்தாள்.

"மூணு வருஷமா இப்படித்தான்க்கா. மாத்திரை போட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள். "இந்தக் கையால உங்க தாளைத் தொட்டிருந்தா, உங்களுக்கு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்."

கையைத் திரும்பப் பைக்குள் விட்டுக்கொண்டு, நிர்வாகியைப் பார்க்காமல் வெளியே போனாள்.

"எங்க எல்லாருக்கும் ரெண்டாவது வாரமே தெரியும்" என்றார் பல் டாக்டர். சிரிப்பு மனிதரின் முகத்தில் சிரிப்பைத் தேட வேண்டியிருந்தது. "நிறைய ஊத்தினா டீ சிந்தும், அதான் பாதித் தம்ளர். எழுத முடியாது, அதான் பதிவேட்டை இவங்க எழுதறாங்க. வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்னு யாரும் வாயைத் திறக்கல. எல்லாத்தையும் உத்து உத்துப் பாக்கறீங்களே, உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்னுதான் நெனச்சோம்."

பூதக்கண்ணாடியின் முகத்தில் ஈயாடவில்லை. கை மட்டும் பழக்க தோஷத்தில் தாளைத் தூக்கிப் பிடித்து, போர்டோடு ஒத்துப் பார்த்தது. இரண்டும் வேறு. அப்போதுதான் தன் தொழிலின் முதல் பாடமே நினைவுக்கு வந்தது. கள்ளக் கையெழுத்துப் போடுகிறவன்தான் நின்று நின்று, பார்த்துப் பார்த்துப் போடுவான். சொந்தக்காரன் கை ஓடும். எட்டு வாரமும் அவள் போட்டதுதான் கள்ளக் கோடு. பார்க்காமல் விட்ட அன்று வந்தது அவளுடைய கோடு. அந்தக் காது அவளுடையதுதான். அரை நொடி அவளுக்கு உள்ளே துள்ளியது. அந்த அரை நொடிக்காக, பிறகு அவள் தன்னை நினைத்துக் கூனிக் குறுகினாள்.

அடுத்த வாரம் கதவில் புதிய ஆசிரியர் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தது. பூதக்கண்ணாடி நிர்வாகியின் அறைக்கு ஓடினாள்.

"நான் அதுக்காக உங்களைக் கூப்பிடல, சார். அவங்க நல்லாதான் சொல்லிக் கொடுத்தாங்க. என் காதே அதுக்குச் சாட்சி."

"இருக்கலாம் மேடம். வரைஞ்சு காட்ட முடியாதவங்களை வெச்சிருக்கோம்னு நாளைக்கு வேற யாராவது கேட்டா நான் என்ன பதில் சொல்றது? நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. ரொம்ப நன்றி."

அந்த நன்றியை அவளால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

புதிய ஆசிரியர் சுறுசுறுப்பானவர். முதல் வேலையாகப் போர்டில் ஒரு காது போட்டார். அச்சு அசலாக இருந்தது. பிறகு ஒவ்வொரு பலகையாக வந்தார். பூதக்கண்ணாடி கண்ணைக் கிழவன்மேல் வைத்து, கையை அதன் போக்கில் விட முயன்றுகொண்டிருந்தாள். கோடு மேல் வளைவைத் தாண்டி இறங்க ஆரம்பித்திருந்தது. "கொடுங்க" என்று அவள் கையிலிருந்து பென்சிலை வாங்கினார். அவள் போட்டதை அழித்தார். நான்கே இழுப்பில் அருமையான காது ஒன்று வந்து உட்கார்ந்தது.

"இப்பப் பாருங்க."

"வேண்டாம் சார், நானே..." என்று அவள் சொல்வதற்குள் அவர் அடுத்த பலகைக்குப் போய்விட்டார்.

வகுப்பு முடிந்ததும் கண்காட்சிக்கு ஒத்திகை என்று பத்துத் தாள்களையும் சுவரில் குத்தினார்கள். பத்துக் கிழவர்களுக்கும் ஒரே காது. யார் போட்டது என்று சொல்ல அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

படிக்கட்டில் பல் டாக்டரைப் பிடித்தாள். ஃபிளாஸ்க் இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், டீச்சர் வீடு எங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"எதுக்கு?"

"மன்னிப்புக் கேக்கணும். வேற ஒண்ணும் இல்ல, சத்தியமா."

அவர் நின்று அவள் முகத்தையே பார்த்தார். கண், வாய், கையில் இருந்த நோட்டு, மறுபடி கண். நம்பலாமா கூடாதா என்று எடை போடும் பார்வை அது. இருபத்தாறு வருடம் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளுக்கு, எதிர் நாற்காலியில் இருப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

"நான் முதல்ல அவங்களைக் கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போனார்.