எழுபத்தோரு சட்டைகள்

ராஜாவின் முந்நூற்றுப் பன்னிரண்டு சட்டைகளை ஒரே காலையில் எதிரிக்குத் தானம் செய்தவன் நான். பீரங்கியும் துரோகமும் தேவைப்படவில்லை, ஒரு முடிச்சு போதுமாக இருந்தது. கயிற்று முனையில் இரண்டு முடிச்சு போடவேண்டிய இடத்தில் ஒன்று போட்டேன். இடுப்பு வலி என்று அன்று சொன்னேன். சோம்பல் என்று இன்று சொல்கிறேன். வடகாற்று சொல்லாமல் கொள்ளாமல் வந்து கயிறோடு பிடுங்கிக்கொண்டது. சட்டைகள் கையை விரித்துக்கொண்டு கடலுக்கு மேலே எதிரிக் கரைப்பக்கம் பறந்தன. பார்க்க, ஒரு பட்டாளமே எங்களைக் கைவிட்டுப் போவதுபோல் இருந்தது. ஒரு வகையில் அதுதான் நடந்தது.

எங்கள் உலூவா கோட்டை கடல் நடுவே ஒரு திட்டில் நிற்கிறது. எதிரே, பீரங்கிக்கு எட்டும் தூரத்தில், வெராகுரூஸ் நகரம். மெக்சிகோ முழுக்க ஸ்பெயின் ராஜாவின் கொடியை இறக்கிவிட்டது. நாங்கள் மட்டும் நான்கு வருடமாக இறக்கவில்லை. எங்கள் வீரத்தை ஊர் பேசும். உள்ளே என்ன நடந்ததென்று துவைத்தவனுக்குத்தான் தெரியும்.

நகரத்துக்காரர்கள் தொலைநோக்கி வைத்து, மதில்மேல் காயும் சட்டைகளை எண்ணுவார்கள். அதனால் கேப்டன் பெலாஸ்தேகி போட்ட உத்தரவு: யார் செத்தாலும் அவன் சட்டை சாகக்கூடாது. பட்டாளத்தில் தையற்காரனாக இருந்த என்னை வண்ணானாக்கினார். உயிரோடிருந்த எழுபத்திரண்டு பேரின் மாற்றுச் சட்டைகளோடு, காய்ச்சலிலும், பழம் காய்கறி இல்லாமல் வரும் ஈறுநோயிலும் போன இருநூற்று நாற்பது பேரின் சட்டைகளையும் தினமும் கடல்நீரில் அலசி உலர்த்தினேன். அவர்களில் பாதிப் பேர் உயிரோடிருந்தபோது அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

சட்டைகள் போன மறுநாள் கரையிலிருந்து ஒரு குண்டுகூட வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. இரண்டு வருடமாகக் குண்டுச் சத்தத்தில் தூங்கிப் பழகியவர்கள், சத்தம் இல்லாததால் விழித்துக் கிடந்தோம்.

"எண்ணிட்டு இருக்கானுங்கடா," என்றான் எலாதியோ.

எலாதியோ என் ஊர்க்காரன். எங்களுக்குப் பதினேழு வயதானபோது நான் விளையாட்டாக வீசிய கத்தி அவன் தோளில் பட்டது; அந்தக் காயம் ஆறி இருபது வருடம். ஈறுநோய் முற்றினால் பழைய தழும்பெல்லாம் திறந்துகொள்ளும். அவனுக்குத் திறந்துகொண்டது. நான் செய்த காயம், இத்தனை காலம் கழித்து, என்னை நேராகப் பார்த்தது. உடம்பெல்லாம் கறுத்துப்போய், துணி பட்டாலே கத்துவான். ஒரு மாதமாக வெறும் மேலோடுதான் படுத்திருந்தான். அவன் மாற்றுச் சட்டையையும் சும்மாதான் அலசி அலசிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு மருந்து எலுமிச்சம்பழம். பழம் ஹவானாவிலிருந்து வரும் கப்பலில் இருந்தது. கப்பல் எங்கே என்பதுதான் கேள்வி.

கோபுரத்துக் காவல்காரனைக் கேட்டேன். "ஏம்ப்பா, கப்பல் தெரியுதா?"

"கடல் தெரியுது."

பாதிரியாரைக் கேட்டேன். அவர் எனக்காக ஜெபம் செய்வதாகச் சொன்னார். நான் கேட்டது எனக்காக இல்லை.

கேப்டனைக் கேட்டேன். "ஐயா, கப்பல் எப்போங்க வரும்?"

"நீ எப்போடா ஒழுங்கா முடிச்சு போடுவ?"

நியாயமான பதில்தான். ஆனால் பதில் இல்லை. இன்னொன்றும் கவனித்தேன்: எப்போதும் கக்கத்தில் தொலைநோக்கியோடு அலைகிற மனிதர், இப்போது அதை உறையில் போட்டு ஆணியில் மாட்டியிருந்தார்.

நான்காம் நாள் காலை வெள்ளைத்துணி கட்டிய படகு வந்தது. அதில் துடுப்புப் போட இருவர், இளம் அதிகாரி ஒருவன், ஒரு பெரிய கூடை, கூடைமேல் கையை வைத்தபடி செனோபியா. இரண்டு வருடத்துக்கு முன், நகரமும் கோட்டையும் சுட்டுக்கொள்ளத் தொடங்கும்வரை, எங்கள் துணியெல்லாம் அவளிடம்தான் வெளுப்புக்குப் போகும். ஒவ்வொருவன் சட்டைக் கழுத்திலும் வண்ண நூலில் ஒரு குறி போட்டு வைத்தவள் அவள்தான்.

கேப்டன் என்னை அனுப்பினார். போகுமுன் எனக்கு மூன்று கோட்டு மாட்டிவிட்டார், கொழுத்தவனாகத் தெரிய. கன்னத்தில் செங்கல்பொடி தேய்த்தார். "சிரி, ஆனா வாயைத் திறக்காதே. பல்லு ஆடுறது தெரிஞ்சிடும்."

படித்துறையில் என்னைப் பார்த்ததும் செனோபியா இடுப்பில் கைவைத்தாள்.

"வாங்க மாப்பிள்ளை! கன்னத்துல என்னய்யா, செங்கலா?"

"வெயில்."

"வடகாத்துல அடிக்கிற வெயிலா? நல்லாயிருக்கே." கூடையின் மூடியை எடுத்தாள். கிணற்றுத் தண்ணீரும் சோப்பும் ஆரஞ்சு இலையும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. எனக்குக் கண் கலங்கியது. செங்கல்பொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். "துவைக்கத் தெரியாதவன் கைல துணி கெடைச்சா இந்தக் கதிதான். பலகையாட்டம் வெறச்சுப் போயிருந்துச்சு. மூணு தடவ அலசினேன், தெரியுமா?"

"உன் கைக்கு வருமா, செனோபியா. எல்லாம் இருக்கா?"

"இருக்கவேண்டியவங்களோடது இருக்கு."

கூடை சின்னதாகத் தெரிந்தது. எண்ணினேன். எழுபத்தொன்று.

"மிச்சம்?"

"மிச்சத்துல கழுத்துல அழுக்கே இல்லப்பா. மனுஷன் போட்டா கழுத்துப் பட்டையில எண்ணெய்க்கோடு விழும். உப்புத் தண்ணில ஒரு அலசுல அது போகாது, போடாம அலசிட்டே இருந்தாத்தான் போகும். உன் மிச்சச் சட்டைல வெறும் உப்புதான் இருந்துச்சு." இதைச் சொல்லும்போது அவள் கேலியாகப் பேசவில்லை. "முப்பது வருஷமா துவைக்கிறேன். ஆளு இருக்கானா இல்லையான்னு எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு குறியையும் பார்த்துப் பார்த்து மடிச்சு வேற பெட்டில வச்சிருக்கேன்."

அதிகாரி தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் கூடையைக் கிளறினேன். சிவப்புச் சிலுவை, பச்சைக் கட்டம், மஞ்சள் சேவல். நீல மீன் எங்கே? நீல மீன் எலாதியோவின் குறி.

"எலாதியோ சட்டை எங்க?"

அவள் வாய்மேல் கை போனது. "அவன் இருக்கானா?"

"இருக்கான், இருக்கான்! அவன் உடம்புல துணி பட்டா வலிக்குது, அதான் போடல..."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுபத்தொன்று அவர்கள் போட்ட கணக்கு. அதைத் திருத்தி எழுபத்திரண்டாக்கி, மற்றதெல்லாம் சரி என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன். என் முடிச்சைவிட என் வாய் மோசம்.

செனோபியா மெதுவாகச் சொன்னாள்: "அவன எங்க கரைக்குக் கூட்டிட்டு வாய்யா. எங்க வீட்டுப் பின்னாடி எலுமிச்சை காய்ச்சுக் கொட்டிக் கெடக்கு, பொறுக்க ஆளில்ல."

"எங்க கப்பல் வரும்."

"யாரு சொன்னா?"

யோசித்துப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை.

"உங்க கேப்டனையே கேளு," என்று அவள் படகில் ஏறிவிட்டாள்.

அதிகாரி முதல்முறையாக வாயைத் திறந்தான். "ஞாயித்துக்கிழமை மதியம் வரைக்கும் காத்திருப்போம்னு சொல்லுங்க. கொடியை எறக்கினா எல்லாரையும் ஆஸ்பத்திரில சேர்ப்போம். எறக்கலைன்னா ஏணியோட வருவோம். எழுபத்திரண்டு பேருக்கு எத்தனை ஏணின்னு எங்களுக்குத் தெரியும்."

கூடையைத் தூக்கிக்கொண்டு முதலில் எலாதியோவிடம் போனேன். மோந்து பார்த்துவிட்டு, "ஆரஞ்சு எல," என்றான். உதட்டில் ரத்தம் உறைந்திருந்தது. "என்னோடது வந்துச்சா?"

"இன்னும் காயலையாம். கொஞ்ச நாளாகும்."

"பொய் சொல்லும்போது ஏன்டா மூக்கைத் தடவுற? சின்ன வயசுல இருந்தே இதே வேலை." சிரிக்கப் பார்த்து இருமினான். "அவ கணக்குல நான் போயிட்டேன், அதானே? செனோபியா கணக்கு தப்பாதுடா. அவசரப்படறா, அவ்வளவுதான்."

அவன் விரல்கள் என் மூன்றாவது கோட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டன. விடுவித்துக்கொள்ள நேரமாயிற்று.

கேப்டன் அறையில் கூடையை மேசைமேல் வைத்தேன். செய்தியைச் சொன்னேன், என் வாய் செய்ததையும் மறைக்காமல். திட்டுவார் என்று நின்றேன். அவர் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, குறியைப் பார்த்து, திரும்ப மடித்தார். என்னைவிட நன்றாக மடித்தார்.

"எழுபத்தொண்ணு," என்றார்.

"எழுபத்திரண்டு, ஐயா. எலாதியோ இருக்கான். ஞாயித்துக்கிழமைக்கு மேல இருப்பானான்னு தெரியாது. கப்பல் வருமா ஐயா?"

"நீ போயி முதல்ல இந்தக் கன்னத்தைக் கழுவு."

"வருமா?"

"காத்து எப்படி இருக்குன்னு..."

"ஐயா. நான் வாழ்நாள் பூரா கோமாளி. பதில் வராட்டியும் எனக்குப் பழக்கம்தான். ஆனா அங்க ஒருத்தன் படுத்திருக்கான், அவனுக்கு நான் என்னன்னு போய் சொல்ல?"

கேப்டன் ஆணியில் தொங்கிய தொலைநோக்கியைப் பார்த்தார். பிறகு, உலூவாவுக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக, என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"வந்துச்சு, நிக்காசியோ. பன்னெண்டு நாளைக்கு முன்னாடி, விடியக்காலைல. நாலு கப்பல், தொலைநோக்கிக்கு மட்டும் எட்டுற தூரத்துல. அவங்க கப்பலுங்க குறுக்க நின்னுச்சு. நம்ம கப்பலுங்க ஒரு மணி நேரம் பார்த்துட்டு ஹவானாவுக்கே திரும்பிப் போயிடுச்சு. இனி வராது."