பதினோரு பக்கத்தில் மிஞ்சிய வரி

உங்களைப் பாதித்த எழுத்தாளர் யார் என்று மேடைக்கு மேடை கேட்கிறார்கள். வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயராக நாலைந்து சொல்லிவைப்பேன். அதில் இரண்டு பேர் நானே பெற்றுப் பெயர் வைத்தவர்கள். இதுவரை ஒரு பேராசிரியர்கூட மறுத்ததில்லை. ஒருவர் மட்டும், அந்த இருவரில் ஒருவரோடு தனக்குக் கடிதத் தொடர்பு இருந்தது என்றார்.

உண்மையில் எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஒரு தணிக்கை அதிகாரி.

அந்த ஆட்சியில் கதையானாலும் சமையல் குறிப்பானாலும் அச்சேற அவருடைய முத்திரை வேண்டும். மாடியில் கடைசி அறை. ஆடுகிற மேஜை, சிவப்பு மை, கோடு போட ஓர் அடிமட்டம். மனிதருக்கு மோப்பம் அதிகம். நான் படியேறும்போதே, "ஏழாம் பக்கத்துல என்னமோ இருக்கே!" என்பார். இருக்கும். ஒருமுறை காதல் கதை ஒன்றில் மாப்பிள்ளை ஆபத்தானவன் என்று அவனை மட்டும் அடித்துவிட்டார். கல்யாணம் மாப்பிள்ளை இல்லாமலே நடந்தது. வாசகர்கள் ஒன்றும் கேட்கவில்லை. தம்பதிகளை வாழ்த்தி மூன்று கடிதம் வந்தது.

அவரைச் சமாளிக்க ஒரு வழி வைத்திருந்தேன். ஒவ்வொரு கதையிலும் ஒரு பலிகடா வரி. மந்திரியை நேராகத் திட்டி நடுவில் ஒரு வரி எழுதிவைப்பேன். அவர் அதை அடித்துவிட்டு, கடமை முடிந்த திருப்தியில் மற்றதை விட்டுவிடுவார். நான் சொல்ல வந்தது அந்த மற்றதில் இருக்கும். இப்படியே இரண்டு வருடம் ஓட்டினேன்.

அப்புறம் பதினோரு பக்கத்தில் ஒரு கதை எழுதினேன். அதில் கடா இது: "மந்திரி பள்ளிக்கூடத்தைத் திறந்துவைத்தார், போகும்போது கதவைக் கழற்றிக் காரில் ஏற்றிக்கொண்டார்."

முத்திரை விழுந்த உறையை நாங்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. அப்படியே அச்சகத்துக்குப் போய்விடும். இதழ் வந்ததும் பார்த்தால் பக்கம் முழுக்க வெள்ளை, நடுவில் கடா மட்டும் நிற்கிறது. மற்றதெல்லாம் அடிபட்டுக் காலி.

நாடே சிரித்தது. மந்திரி வருகிறார் என்றால் ஜனங்கள் முன்கூட்டியே கதவைக் கழற்றி உள்ளே பூட்டிவைத்தார்கள். எதைக்கொண்டு பூட்டினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். என்னை விசாரித்தபோது, முத்திரை இருக்கிறதே என்றேன், விட்டுவிட்டார்கள். அதிகாரியை விசாரித்தபோது, "தூங்கிட்டேன்" என்றார். வேலை போயிற்று. ஆட்சி கவிழ்ந்ததும், ஒரு வரியில் கதை எழுதிய மேதை என்று என்னைப் பாடப்புத்தகத்தில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு மூன்று ஆட்சிகளைத் திட்டியிருக்கிறேன். மூன்றும் எனக்குப் பரிசு கொடுத்தன. என் திட்டின் வலு அவ்வளவுதான்.

போன வாரம் அதிகாரியின் மனைவி போன் செய்தார். எனக்கு வயது எழுபத்தொன்பது. என்னைத் தம்பி என்று கூப்பிட மிச்சமிருப்பது அவர் ஒருவர்தான்.

"தம்பி, அந்த வரிய வேணும்னுதான் விட்டேன்னு இவரு மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டாரு. வீடே சிரிச்சிருச்சு. நாலு நாளா யாரோடயும் பேச மாட்டேங்கிறாரு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. நிஜம்னா நிஜம், பொய்ன்னா பொய். வயசு எண்பத்தாறு ஆச்சு, இன்னும் எத்தன நாளைக்கு இவரு தூங்குமூஞ்சியாவே இருக்கிறது?"

அச்சகத்திலிருந்து நான் திரும்ப வாங்கிய அந்தக் கையெழுத்துப் பிரதி என் பெட்டியின் அடியில் நாற்பத்தைந்து வருடமாகக் கிடந்தது. எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். மருமகன்தான் வரவேற்றான்.

"வாங்க சார். மாமா விட்ட ஒரு கொட்டாவியில ஆட்சியே கவுந்துச்சாமே!"

பிரதியை மேஜையில் விரித்தேன். "கோட்டைப் பாருங்க மாப்பிள்ளை. பதினோரு பக்கமும் வரிக்கு வரி அடிமட்டம் வச்சுப் போட்டிருக்கு. இந்த ஒரு வரிகிட்ட வந்து நிக்குது, அடுத்த வரியில மறுபடி ஆரம்பிக்குது. தூங்குறவர் போட்ட கோடா இது?"

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். சிரிப்பு நான்காம் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

"தூங்கிட்டேன்னு சொன்னதால வேலை மட்டும் போச்சு. நிஜத்தச் சொல்லியிருந்தா அவரும் உள்ள போயிருப்பாரு, நானும் போயிருப்பேன். இது எனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா வாயத் திறக்கல?" என்றார் அந்த அம்மா.

"ஆட்சி இருந்தவரைக்கும் பயம் அண்ணி. மாறினப்புறம் பரிசு குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க."

அந்த அம்மா காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "அப்போ ஊரு மெச்சினது இவரு விட்டுவச்ச வரி. நீங்க பாடுபட்டு எழுதினது இந்த அடிச்சதெல்லாம்."

"ஆமா."

"இத யாரு படிச்சிருக்கா?"

"சார் மட்டும்தான்."

மருமகன் எழுந்துபோய் மாமனாரின் நாற்காலியை எங்கள் பக்கம் மெல்லத் திருப்பினான். என்னுடைய அந்தப் பதினோரு பக்கத்துக்கும் உலகத்தில் இருந்த ஒரே வாசகர் என்னைப் பார்த்தார்.

"கதை எப்படி சார் இருந்துச்சு?" என்றேன்.

மேஜையில் கிடந்த பிரதியை ஒரு பார்வை பார்த்தார்.

"அரசாங்கத்துக்காக அடிச்சிருந்தா அந்த ஒரு வரியத்தான் அடிச்சிருக்கணும். மத்தது படிக்கிறவங்களுக்காக அடிச்சது" என்றார். பிறகு மனைவியிடம், "பசிக்குது" என்றார்.